டிரங்குப் பெட்டிக்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

அன்று அந்தக் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றியது என் தொழில் அறிவா, வெறும் பயமா? சில நாள் அறிவுதான் என்று தோன்றும். மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று, இல்லை, பயந்துதான் போனாய் என்று மனம் சொல்லும். கொஞ்ச நேரத்தில் அதுவும் சரியில்லை என்று படும்.

கல்லூரி முடித்ததிலிருந்து மகள் பிறக்கும்வரை சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். வருகிறவர்களின் தேவையைக் கேட்டு, பாகங்களைத் தேர்ந்தெடுத்து, கேமிங் கம்ப்யூட்டர் கட்டித் தருவது வேலை. அதிலும் என் பொறுப்பு சின்ன மெஷின்கள். செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேபினெட்டுக்குள், பெரிய மெஷின் செய்கிற எல்லாவற்றையும் அடக்க வேண்டும். நான் வேலையை விட்டதும் என் கணவர் அம்மாபேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வீட்டம்மா ரிட்டயர்டு" என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் நானும் சிரித்தேன். இப்போது அந்த வார்த்தை எனக்குப் பழகிவிட்டது.

போன வாரம் பிரியா போன் செய்தாள். கடையில் என் நாற்காலியில் இப்போது இருப்பவள் அவள். வருகிறவர்கள் எல்லாரும் போனில் இருக்கும் ஏ.ஐ.யிடமே கேட்டு, எந்த பிராசசர், எந்த கார்டு என்று முழுதாக எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்களாம். போன் சொன்னதை அப்படியே மாட்டிக் கொடுங்கள் என்கிறார்களாம். "அப்புறம் நாம எதுக்குக்கா? ஸ்க்ரூ முடுக்கவா?" என்று கேட்டாள். ஏதோ சமாதானம் சொல்லி வைத்தேன். போனை வைத்த பிறகு அது போதாது என்று உறுத்தியது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். குழந்தை தூங்குகிறது.

நான் பி.சி.ஏ. படித்தவள். கடை முதலாளி ஜமால் அண்ணன் என்னைப் பெற்ற அத்தாவுக்குத் தெரிந்தவர் என்பதால்தான் வீட்டில் அனுப்பினார்கள். முதல் வருடம் மவுஸும் கேபிளும் விற்றேன். அடுத்த வருடம் பழுதுக்கு வந்த மெஷின்களைத் துடைத்தேன். அதற்குப் பிறகுதான் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்தார்.

ஜமால் அண்ணன் அதிகம் பேசமாட்டார். திட்டவும் மாட்டார். நாம் கட்டி முடித்த மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எங்காவது தப்பு இருந்தால், நாம் கடைசியாகப் போட்ட ஸ்க்ரூவைக் கழற்றி, நம் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். நாமே தேடிக் கண்டுபிடித்து, சரிசெய்து, அந்த ஸ்க்ரூவைத் திரும்பப் போட வேண்டும். ஆரம்பத்தில் உள்ளங்கையில் அந்தக் குளிர்ந்த ஸ்க்ரூ பட்டதும் மொத்த மெஷினையும் முதலிலிருந்து பிரிப்பேன். அவர் சாப்பிட எழுந்தால்கூட என் பக்கம்தான் வருகிறாரோ என்று பார்ப்பேன்.

சின்ன மெஷினுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பாகங்களின் பெட்டியைப் பிரித்துவிட்டால் மொத்த வியாபாரி திரும்ப எடுக்கமாட்டார். அதனால் ஒன்றைக்கூடப் பிரிப்பதற்கு முன், எல்லாவற்றையும் அட்டையில் வெட்டிப் பார்க்க வேண்டும். கம்பெனி சொல்லும் நீள அகல உயரத்தைப் பார்த்து, பழைய மானிட்டர் பெட்டியின் அட்டையில் மதர்போர்டு, சூட்டைத் தணிக்கும் கூலர், கேமின் படத்தைத் திரையில் வரையும் கார்டு, எஸ்.எம்.பி.எஸ். என்று ஒவ்வொன்றையும் வெட்டி ஒட்டி, காலிக் கேபினெட்டுக்குள் வைக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. அதிலிருந்து கிளம்பும் ஒயர்களுக்குப் பதில் திரைச்சீலைக் கயிற்றை நறுக்கிச் செருகச் சொல்வார். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒயரை மறந்துவிடுவார்கள். பாகங்கள் எல்லாம் அடங்கிய பிறகு ஒயருக்கு இடம் இருக்காது. கடைசியாக, நிஜ மெஷின் கட்டி முடித்ததும், ஃபேனுக்கு முன்னால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் காட்டுவார். புகை எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாக வெளியே வருகிறது என்று பார்ப்பார். புகை உள்ளேயே சுற்றினால், ஸ்க்ரூ நம் கைக்கு வந்துவிடும்.

வாழப்பாடியிலிருந்து மரவள்ளி வியாபாரி ஒருவர் வந்தார். டி.வி. அலமாரியின் ஓர் அறைக்குள் மெஷின் அடங்க வேண்டும் என்றார். அவரே அளந்து வந்த அளவை வைத்து நான் பாகங்களைத் தேர்ந்தெடுத்தேன். அட்டையில் எல்லாம் கச்சிதம். ஜமால் அண்ணன் அட்டை மெஷினைப் பார்த்துவிட்டு, அலமாரிக் கதவை மூடி வைப்பாரா திறந்து வைப்பாரா என்று மட்டும் கேட்டார். நான் அதைக் கேட்டிருக்கவில்லை. போன் செய்தால், மூடித்தான் வைப்பேன், பேரன் கையை விட்டுவிடுவான் என்றார் அவர். மூடிய அறைக்குள் அந்த கார்டு வெந்து போயிருக்கும். அதிலிருந்து யார் வந்தாலும் என் முதல் கேள்வி, மெஷின் எங்கே இருக்கப்போகிறது என்பதுதான்.

கோகிலா வந்தபோதும் அதைத்தான் கேட்டேன்.

"லாரிலீங்க" என்றாள்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள் இருப்பாள். வீட்டிலேயே ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்து கொடுக்கிறாள். அவள் கணவர் முருகேசன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வெல் ரிக்கோடு போகிறவர். ரிக் லாரிக்குத் துணையாக, குழாய்களையும் டீசலையும் ஆட்களின் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போகும் இன்னொரு லாரி உண்டு. அதை ஓட்டுகிறார். மழை விட்டதும் கிளம்பினால் வடக்கே எங்கெங்கோ போய், அடுத்த மழைக்குத்தான் ஊர் திரும்புவார்கள். கம்ப்ரசர் சத்தத்தில் வருடக்கணக்கில் நின்று அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. போனில் பேசினால் என்ன, என்ன என்று கேட்டுக் கேட்டே சண்டையில் முடியும். மெசேஜ் அனுப்பினால் 'சரி' என்று ஒரு வார்த்தை வரும்.

ஒருமுறை அவர் ஊரில் இருந்தபோது, அவளுடைய டிசைன் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். இரண்டு பேர் வேறு வேறு ஊரிலிருந்து ஒரே சாலையில் இரண்டு லாரி ஓட்டலாம். அவருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த சீசனுக்கு ஒரு லேப்டாப் எடுத்துக்கொண்டு போனார். தினமும் சாயங்காலம் அவர் ஒரு லாரி, இவள் ஒரு லாரி. ஓட்டிக்கொண்டே அவர் திரையில் எழுதுவாராம். முன்னால் வளைவு இருக்கிறது, மெதுவாக வா. இன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல அவரு அவ்வளவு பேசுனதே இல்லீங்க்கா" என்றாள் கோகிலா.

போர் போடும்போது பறக்கும் பாறை மாவு அந்த லேப்டாப்பை அடைத்துக் கொன்றுவிட்டது. சீசன் முடிவதற்குள்ளேயே அது நின்றுபோனது. மிச்ச மாதங்கள் பழையபடி 'சரி', 'சரி'. கழற்றித் துடைக்க முடிகிற, ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்ற முடிகிற மெஷின் வேண்டும் என்று கேட்டு வந்திருந்தாள். அளவு? ரிக் வண்டியில் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு டிரங்குப் பெட்டிக்குத்தான் இடம். துணிமணி, சோப்பு, சாமி படம் எல்லாம் அதற்குள்தான். அந்தப் பெட்டியில் பாதியில் மெஷின் அடங்க வேண்டும்.

ஜமால் அண்ணன் அந்தப் பெட்டியையே கொண்டு வரச் சொன்னார். மறுவாரம் காலி டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறி வந்தாள். கண்டக்டர், என்னம்மா, புருசனோட சண்டையா, அம்மா ஊட்டுக்கா என்று கேட்டாராம். ஆமாங்க, திரும்பி வரும்போது கம்ப்யூட்டரோட வாரேன் என்றாளாம்.

நான் தேர்ந்தெடுத்த பாகங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பிரியாவுக்காக. இருப்பதிலேயே சின்ன மதர்போர்டு. உயரமான கூலர் லாரி குலுக்கலில் போர்டையே வளைத்துவிடும் என்பதால் தட்டையான கூலர். காற்று நுழையும் இடத்திலெல்லாம் கழுவிப் போடக்கூடிய வலை. சுழலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. இவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. கார்டில்தான் திண்டாட்டம். கார்டு இல்லாமல், தானே படத்தையும் வரைந்துகொள்ளும் பிராசசர் போட்டால் உடைவதற்கு ஒரு பொருள் குறையும். ஆனால் கேம் இழுத்து இழுத்துத்தான் ஓடும். கார்டு போட்டால் அழகாக ஓடும். ஆனால் கார்டு என்பது ஒரு குழிக்குள் செருகி, பக்கவாட்டில் தொங்கும் எடை. ஜமால் அண்ணனுக்குக் கார்டு இல்லாததுதான் பிடித்தது. கோகிலாவுக்கு கார்டு வேண்டும். "திரை நின்னு நின்னு வந்தா அவரு எழுதறதே மறந்துருவாருங்க. ஓட்டறதுலதான் கண்ணு இருக்கும்" என்றாள். அது எனக்கு நியாயமாகப் பட்டது. தானே படம் வரையும் பிராசசரையும் போட்டு, குட்டையான கார்டு ஒன்றையும் தேர்ந்தெடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

அட்டையில் அடங்கியது. நிஜத்தில் அடங்கியது. ஊதுபத்திப் புகை ஒழுங்காக வெளியே வந்தது. பிறகு ஜமால் அண்ணன் குலுக்கிப் பார்க்கச் சொன்னார். மெஷினை டிரங்குப் பெட்டிக்குள் வைத்து, வாழப்பாடி பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கீழே போட்டு, நானும் கடைப் பையன் ஒருவனும் போய்த் திரும்பினோம். திறந்து பார்த்தால் கார்டு ஒரு நூல் இறங்கியிருந்தது. கார்டைத் தனியாகத் துணியில் சுற்றிக்கொண்டு இன்னொரு முறை போனோம். எதுவும் அசையவில்லை. அதனால் லாரி ஓடும்போது கார்டு துணிக்குள். போர் போடும் ஊரில் வண்டி நின்ற பிறகு எடுத்துச் செருகிக்கொள்ள வேண்டும்.

அதை முருகேசனுக்குக் கற்றுக்கொடுக்க அவரைக் கடைக்கு வரச்சொன்னோம். கார்டு சரியாக உட்கார்ந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். நாங்கள் எல்லாரும் அதைக் கேட்டுத்தான் விடுவோம். அவருக்கு அது கேட்காது. முதல் முறை பாதி செருகிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவருடைய ஆள்காட்டி விரலைக் குழியின் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கின் மேல் வைக்கச் சொல்லி, மறு கையால் அழுத்தச் சொன்னேன். நாக்கு மேலே எழும்பி விரலை இடித்தது. அவர் முகம் மலர்ந்தது. சத்தமாக, காது மந்தமானவர்கள் பேசுகிற உரத்த குரலில், "குழாய் மாட்டற மாதிரிதானுங்க. அங்கயும் சத்தத்துல ஒண்ணும் கேக்காது, கைலதான் தெரியும்" என்றார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவர் தப்பாகச் செருகவில்லை.

மெஷின் எந்த மின்சாரத்தில் வாழப்போகிறதோ, அந்த மின்சாரத்தில் ஓடிக் காட்டாமல் கொடுக்கக் கூடாது என்பது கடையின் கடைசி விதி. முருகேசன் சொன்னபடி அது ஜெனரேட்டர். போன சீசனில் லேப்டாப்பை அதில்தான் ஓட்டியிருக்கிறார். ஜமால் அண்ணனுக்கு அன்று வேறு வேலை. நான் போகிறேன் என்றேன். அப்போது எனக்கு நாலாம் மாதம். என் கணவரின் அம்மா, மாமி, வேண்டாம் என்றார். பெட்டியைத் தூக்கமாட்டேன், பொழுது சாயும் மக்ரிப் தொழுகைக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் கோகிலாவோடு பஸ் ஏறினேன்.

ரிக் நிற்கும் இடத்துக்குப் போனபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மறுநாள் விடிந்ததும் பூஜை போட்டுக் கிளம்புகிறார்கள். இரண்டு லாரியையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். ரிக் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏம்மா, பகல் பூராம் லாரி ஓட்டறான். சாயங்காலமும் பொட்டிக்குள்ள லாரி ஓட்டறதுக்கு இம்புட்டு ஏற்பாடா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். முருகேசனுக்குக் கேட்கவில்லை, அவரும் சிரித்தார். ஜெனரேட்டரை எங்கே போட வேண்டும் என்று நான் கேட்டேன். முதலாளி, அது வெல்டிங்குக்கு மட்டும்தான், இந்த வருடம் சாயங்காலமானால் அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன், விளக்கு, ஃபேன், போன் சார்ஜ் எல்லாம் வண்டி இன்வெர்ட்டரில்தான் என்றார். கோகிலா முருகேசனைப் பார்த்தாள். அவருக்கும் அப்போதுதான் தெரியும் போலிருந்தது.

சரி, இன்வெர்ட்டரில் பார்க்கலாம் என்றேன். லாரிக் கேபினுக்குள் ஏறினேன். பின்னால் இரண்டு பேர் படுக்கும் பலகை. அதற்குக் கீழே இன்வெர்ட்டர். முருகேசன் மெஷினை வைத்து, மெல்லிய திரையை மாட்டி, துணியிலிருந்து கார்டை எடுத்து, விரலை வைத்துச் செருகினார். மெஷின் ஓடியது. கேமைத் திறந்தார். சாலை வந்தது. லாரி வந்ததும் எல்லாம் அணைந்து கருப்பானது.

திரும்ப ஓட்டினோம். அதே இடத்தில் அணைந்தது. ஒயரைச் சரிபார்த்துவிட்டு ஓட்டினோம். அப்போதும் அணைந்தது. கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். அணையவில்லை. கேம் இழுத்து இழுத்து வந்தது, ஆனால் வந்தது.

ஜமால் அண்ணனுக்குப் போன் செய்தேன். இன்வெர்ட்டர் எப்படிச் சத்தம் போடுகிறது என்று கேட்டார். உர்ரென்று என்றேன். பிறகு விளக்கினார். வீட்டு மின்சாரம் அலை மாதிரி ஏறி இறங்கும். விலை குறைந்த இன்வெர்ட்டர் அதைப் படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டித் தரும். விளக்கும் ஃபேனும் அதைப் பொறுத்துக்கொள்ளும். நம் எஸ்.எம்.பி.எஸ். கொஞ்சமாக இழுக்கும்போது பொறுத்துக்கொள்ளும், கார்டு நிறையக் கேட்கும்போது மறுத்து நின்றுவிடும். கார்டு இழுக்கும் மின்சாரத்தைக் குறைத்துப் பார் என்றார். செட்டிங்கில் குறைத்தேன்.

மெஷின் நிற்கவில்லை. சாலை சீராக ஓடியது. கேபினுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். முருகேசன் கியர் மாற்றுகிற மாதிரி இடது கையை அசைத்துக்கொண்டே ஓட்டினார். கோகிலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நான் குனிந்து பலகைக்குக் கீழே கையை விட்டேன். இன்வெர்ட்டர் சுட்டது. மெஷினின் பின்பக்கத்தைத் தொட்டேன். எஸ்.எம்.பி.எஸ். பக்கமும் சுட்டது, கடையில் எவ்வளவு ஓட்டியும் அப்படிச் சுட்டதில்லை. உர்ரென்ற சத்தம் கூடியிருந்தது. கையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். இன்னும் சுடுகிறதா, முதலில் சுட்ட அளவுதானா என்று தெரியவில்லை. பலகையில் இரண்டு பேர் படுக்கை விரித்து வைத்திருந்தார்கள். வண்டியில் டீசல் பீப்பாய்கள்.

வேறு இன்வெர்ட்டர் வாங்கி மாட்டலாமா என்று முதலாளியைக் கேட்டேன். அவர் முகம் மாறியது. "வண்டி பூஜைக்கு நிக்குதுங்கம்மா. பொட்டு வெச்சதுக்கு அப்புறம் ஸ்பேனர் வெக்கமாட்டோம். போய்ட்டு வரட்டும், அடுத்த சீசன் பாத்துக்கலாம்." கூட இருந்த ஒருவர், அந்த இன்வெர்ட்டர் எப்போதும் அப்படித்தான் கத்தும், ஒன்றும் ஆகாது என்றார்.

திரும்ப ஜமால் அண்ணனுக்குப் போன் செய்தேன். சொன்னதையெல்லாம் கேட்டார். என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"நான் இங்க இருக்கேன்மா. நீதான் அங்க இருக்க. கை வச்சுப் பார்த்தது நீ" என்றார். வைத்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று இருந்தது. கோகிலா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேமில் முருகேசனின் லாரி ஒரு பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. நான் மெஷினை அணைத்தேன். மூடியைத் திறந்தேன். கார்டைக் கழற்றினேன்.

"அக்கா, அதுக்குத்தானுங்களே இத்தனையும்" என்றாள் கோகிலா.

கார்டு இல்லாமலே போகட்டும், ஆட்கள் படுக்கிற இடம், எனக்குத் தைரியம் வரவில்லை என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முருகேசனுக்கு நாங்கள் பேசியது எதுவும் கேட்டிருக்காது. என் கையில் இருந்த கார்டையும் அவள் முகத்தையும் பார்த்தார். மெஷினைத் திரும்ப ஓட்டினார். எழுதுகிற பக்கம் ஒன்றைத் திறந்து, தமிழை ஆங்கில எழுத்தில் மெதுவாக ஒற்றை விரலால் தட்டினார். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

கார்டு வேண்டாம். நான் மெதுவா ஓட்டிக்கிறேன்.

கோகிலா அவர் காதருகே போய்க் கத்தவில்லை. குனிந்து, அதற்குக் கீழேயே தட்டினாள்.

அப்ப நானும் மெதுவாவே வாரேன்.

கார்டைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டுவரை என்னோடு வந்தாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

"நீங்க பயந்துட்டீங்க, இல்லீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அன்று மாமியிடமும் என் கணவரிடமும் எல்லாம் நல்லபடியாக ஓடியது என்று மட்டும் சொன்னேன். மறுநாள் கடையில் ஜமால் அண்ணன் எதுவும் கேட்கவில்லை. என் உள்ளங்கையில் ஸ்க்ரூவும் வைக்கவில்லை. சரி என்றுதான் அர்த்தம் என்று கொஞ்ச நாள் நம்பினேன். பிறகு, வயிற்றுப் பிள்ளைக்காரி என்று விட்டிருப்பாரோ என்று தோன்றியது.

அவர் தன் திரையைப் படமெடுத்து அனுப்புவதை, கோகிலா அவ்வப்போது எனக்கும் அனுப்புவாள். சாலையில் இரண்டு லாரி. முன்னால் போவது அவர் லாரி, கட்டம் கட்டமாக, பாதி தெரியாமல் இருக்கும். ஓட்டும்போது அவரால் எழுத முடிவதில்லை என்பதால், சாலையோரம் இரண்டு லாரியையும் நிறுத்திவிட்டு எழுதிக்கொள்கிறார்களாம். அந்த இன்வெர்ட்டர் இரண்டு சீசன் ஓடியும் எரியவில்லை. கார்டு இல்லாததால் எரியவில்லையா, இருந்திருந்தாலும் எரிந்திருக்காதா, யார் சொல்வது?

எனக்கு மகள் பிறந்தாள். கடையிலிருந்து என் பையில் வந்துவிடும் ஸ்க்ரூக்களையும் தவழப்போகிற குழந்தையையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று நானே முடிவு செய்து வேலையை விட்டேன். வீட்டில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

பிரியாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். போனைக் கேட்டால் எந்த கார்டு நல்லது என்று சொல்லும். அந்தப் பலகையில் யார் படுக்கிறார்கள் என்று அதற்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எல்லாம் தெரிந்த நானும்தான் தடுமாறினேன். அதனால் இதை அழுத்திச் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.

இப்போது முருகேசன் ஊரில் இருக்கிறார். ஒரு காது முழுவதும் போய்விட்டது. மழை விட்டதும் கிளம்புகிறார்கள், இந்தத் தடவை இன்னும் தூரம். முதலாளி புது லாரி எடுத்திருக்கிறார். அதில் நல்ல இன்வெர்ட்டர், வீட்டு மின்சாரம் மாதிரியே அலையாகத் தருவது. கேம் கம்பெனிக்காரர்கள் கேமைப் புதுப்பித்துவிட்டதால் கார்டு இல்லாத மெஷினில் அது இப்போது நகரவே சிரமப்படுகிறது. கோகிலாவின் பீரோவில் அந்த கார்டு துணி பிரிக்காமல் இருக்கிறது. அதை மாட்டலாமா என்று கேட்டிருக்கிறாள். ஜமால் அண்ணனைக் கேட்டேன். நீ கட்டிய மெஷின், நீ சொல் என்றுவிட்டார். கோகிலாவின் கடைசி மெசேஜ் இது: "இந்தத் தடவையும் நீங்களே சொல்லுங்க அக்கா. வேண்டாம்னா வேண்டாம்."

இரண்டு சீசன் குலுங்கிய மெஷின். கார்டு செருகும் குழி இரண்டு வருடம் பாறை மாவில் திறந்து கிடந்திருக்கிறது. ஊதித் துடைத்துவிட்டுச் செருகினால் பிடிக்குமா, அல்லது செருகும்போதே போர்டு போய்விடுமா? போர்டு போனால் மெதுவாக ஓட்டுவதுகூட இருக்காது. சீசன் முழுக்க அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் 'சரி' மட்டும்தான் இருக்கும். போர்டையும் புதிதாக மாற்றிவிடு என்று சொல்லலாம். அது அறிவா, அதுவும் என் பயமா? நேரில் போய்க் கை வைத்துப் பார்க்கலாம் என்றால் குழந்தைக்கு இப்போதுதான் சளி விட்டிருக்கிறது. போகாமல் சொல்வதற்கும் மனம் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் லாரியிலோ ரிக்கிலோ வேலை பார்த்தவர்கள், தூசியில் கிடந்த மெஷினுக்கு மறுபடி கார்டு மாட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், மழை விடுவதற்குள் எழுதுங்கள். மாட்டியது நின்றதா, எதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்று எழுதுங்கள். எதற்கும் ஜாக்கிரதையாக இருங்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது என்னிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.